உட்காராதே ராஜா

இந்தப் பேனா நன்றாக எழுதுகிறது. நான் வழக்கமாகப் பென்சிலில்தான் எழுதுவேன், அழித்துத் திருத்த வசதி. இன்று திருத்த எதுவும் இல்லை என்பதால் பேனாவே போதும். நீங்கள் கேட்டு, நான் சொல்லி, அதை இன்னொருவர் தட்டச்சு செய்தால் சொன்னது ஒன்றும் எழுதினது ஒன்றுமாக ஆகிவிடும். இருபத்திரண்டு வருடமாக என் வரிகளைக் கண்டவர்களும் மாற்றி மாற்றி நான் நொந்துபோயிருக்கிறேன். இதையாவது நானே எழுதித் தருகிறேன்.

என் அக்கா மகன் செத்துப்போனதைப் பற்றிக் கேட்கிறீர்கள். படப்பிடிப்பில் மயக்கம் வந்து இறந்தான் என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் பெண், பட்டன் என்று கூப்பிடுவார்களே, அவள் வேறு மாதிரி எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். இரண்டிலும் பொய் இல்லை. ஆனால் இரண்டு பேருமே கடைசியிலிருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் சொல்கிறவன் பக்கத்து நியாயம் கேட்கிறவருக்குப் புரியும்.

நான் பாட்டெழுதுகிறவன். இசையமைப்பாளர் 'தன்னானே தனனானே' என்று ஒரு மெட்டைப் பாடி அனுப்புவார். அந்தத் தன்னானேக்களை எடுத்துவிட்டு அர்த்தமுள்ள சொற்களை வைப்பது என் வேலை. குழாய்க் கம்பெனிக்கு எழுதியிருக்கிறேன், சிமெண்டுக்கு எழுதியிருக்கிறேன், தலைவலித் தைலத்துக்கு நான்கு வரி எழுதி எனக்கே தலைவலி வந்திருக்கிறது. படங்களுக்கு ஒன்பது பாட்டு. ஆறு, வெளிவராத படங்களோடு பெட்டிக்குள் போயின. இரண்டை வெட்டிவிட்டார்கள். மிச்சமிருந்த ஒன்று ஆரம்பிக்கும்போதுதான் திரையரங்கில் ஆண்கள் எல்லாம் எழுந்து வெளியே போய்விட்டு வந்தார்கள். நானே கடைசி வரிசையில் இருந்து பார்த்தேன். மறுநாள் பெயிண்ட் கம்பெனிப் பாட்டை எழுதிக் கொடுத்தேன்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா வீட்டு மாடி அறையில் இருந்தேன். அக்கா ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். அத்தான், பையனுக்கு எட்டு மாதமாகும்போது வேறு குடும்பம் தேடிக்கொண்டு போனவர். ஆக, அவனை வளர்த்தது நாங்கள் இருவரும்தான். அவன் முதன்முதலில் எழுந்து நின்றது என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டுதான். பாசமில்லாத மாமன் என்று யாராவது சொன்னால் இதை நீங்கள் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

இருபத்திரண்டு வயதில் அவன் பார்சல் நிறுவனமொன்றில் பெட்டிகளைத் தெருவாரியாகப் பிரித்துப் போடும் வேலையில் இருந்தான். சனிக்கிழமை மதியமானால் வேறு ஆள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மூடிக் கிடக்கும் நாற்காலி மேசைக் கடை ஒன்று உண்டு. அதன் நீளக் கண்ணாடிச் சுவருக்கு முன்னால் இவனும் இவனைப் போன்ற பன்னிரண்டு பேரும் கூடுவார்கள். ஒருவன் மருந்துக் கடை, ஒருத்தி கண்ணாடிக் கடை, ஒருவன் வாகன நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழிப்பவன். வாரம் முழுக்கச் சீருடையில் கசங்கியவர்கள். அன்று மட்டும் கத்தி போன்ற மடிப்போடு கால்சட்டை, தொண்டை வரை பூட்டிய சட்டை, துடைத்துத் துடைத்து முகம் தெரியும் ஷூ. தெரு அவர்களை இஸ்திரிக் கூட்டம் என்று அழைத்தது. கேலிக்கு வைத்த பெயரை அவர்கள் பட்டம் போல ஏற்றுக்கொண்டார்கள். என் மருமகனுக்கு ஸ்கேல் என்று பெயர்.

அவர்களுக்கு விதிகள் இருந்தன. அவரவர் துணியை அவரவரே தேய்க்க வேண்டும். கால்சட்டையை உள்புறம் வெளியே வரத் திருப்பி, மடிப்பு வரும் கோட்டில் உலர்ந்த சோப்பைத் தேய்த்து, நேராகத் திருப்பி, ஈரத்துணி போட்டு இஸ்திரி போட வேண்டும். அப்படிச் செய்தால் மடிப்பு மாலை வரை நிற்கும். ஷூவுக்குக் கயிறு கூடாது, குனிய வேண்டிவரும். எல்லாவற்றுக்கும் மேலான விதி, தெருவில் உட்காரக் கூடாது. பேருந்தில் நாற்பது இருக்கை காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வருவார்கள். உட்கார்ந்தால் முட்டியில் மடிப்பு உடைந்துவிடுமாம். சனிக்கிழமை காலையில் அவன் கீழே இஸ்திரி போட்டால் மாடியில் என் மின்விசிறி மூச்சு வாங்கும். நான் வியர்வையில் ஊறிக்கொண்டு சிமெண்டின் உறுதியைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பேன்.

போன வருடம் ஒரு மெட்டு வந்தது. துள்ளலான மெட்டு. பதினோரு நாள் ஒரு சொல்லும் அதில் உட்காரவில்லை. இசையமைப்பாளர் ஒவ்வொரு காலையும் போன் செய்து, "என்னண்ணே, வருமா வராதா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை என் இளவயதிலிருந்து எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. பன்னிரண்டாம் நாள் சாப்பிடக் கீழே இறங்கி, நாற்காலியை இழுத்தேன்.

"மாமா, உக்காராதீங்க உக்காராதீங்க" என்று பதறிக்கொண்டு ஓடி வந்தான் மருமகன். நாற்காலியில் அவனுடைய கால்சட்டை கிடந்தது. "மடிப்பு கலைஞ்சிடும். அப்படியே நில்லுங்க ராஜா, ரெண்டு நிமிஷம்."

நான் நின்றேன். இரண்டு நிமிடம் அல்ல, நாற்பது நிமிடம். அடுப்படி மேடையில் காகிதத்தை வைத்து நின்றபடியே முழுப் பாட்டையும் எழுதினேன்.

உட்காராதே ராஜா உட்காராதே
ஒத்த மடிப்பு கலையுமடா உட்காராதே
ஊரெல்லாம் குனியும்போது நிமிர்ந்து நில்லு
ஓரமா ஒரு நாற்காலி வந்தா வேணாம்னு சொல்லு

படிக்கும்போது ஒன்றுமில்லாதது போலத்தான் இருக்கும். மெட்டோடு கேட்டீர்கள் என்றால் தெரியும். நீங்களும் கேட்டிருப்பீர்கள். கேட்காதவர் யார்? மூன்று வாரத்தில் அது சலூனில் ஓடியது, ஷேர் ஆட்டோவில் ஓடியது, பக்கத்து வீட்டுக் குழந்தை சாப்பிட மாட்டேன் என்று அதைப் பாடிக்கொண்டு சுற்றி வந்தது. ஒரு தொலைக்காட்சியில் என் பெயரைச் சரியாக எழுதியிருந்தார்கள். அக்கா அன்று என் தட்டில் எனக்குப் பிடித்ததை எல்லாம் வைத்துவிட்டு, "இத்தனை நாள் பட்டதுக்கு இப்பத்தான்டா தம்பி ஒரு விடிவு" என்று அழுதாள். இருபத்திரண்டு வருடத்தில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த ஆறு மாதம்தான். பூசி மெழுகாமல் சொல்கிறேன்.

இஸ்திரிக் கூட்டத்துக்கும் முதலில் பெருமை தாளவில்லை. பிறகு முகம் சுளிக்க ஆரம்பித்தார்கள். கடைகளில் மடிப்பையே தைத்து வைத்த கால்சட்டை விற்பனைக்கு வந்துவிட்டது. தேய்க்கவே வேண்டாம். "தச்ச மடிப்பாம் மாமா, பல்செட் மாட்டிக்கிட்டு சிரிக்கிற மாதிரி" என்றான் மருமகன். பேருந்தில் இவர்கள் ஏறினால் வயதானவர்கள்கூட எழுந்து, இருக்கையைக் காட்டி, பல்லவியைப் பாடினார்கள். நான் அதை ஒரு மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன். அவர்கள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் அவன் வேலை செய்யும் இடத்தில் விழுந்தான். இரண்டு வாரத்தில் இரண்டு முறை. மருத்துவர் சொன்ன நோயின் பெயர் நீளமானது, எந்த மெட்டுக்கும் அடங்காது. விஷயம் இதுதான். அவன் அதிக நேரம் அசையாமல் நின்றால் ரத்தம் காலிலேயே தங்கிவிடும், மூளைக்குப் போகாது, மயக்கம் வரும். உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீர் குடிக்க வேண்டும், வெறும் வயிற்றோடு இருக்கக் கூடாது, அடிக்கடி உட்கார வேண்டும். அக்கா எனக்குப் பாடம் நடத்துவது போலச் சொன்னாள்.

"மயங்கினா உடனே படுக்க வச்சு காலைத் தூக்கிப் பிடிக்கணும். யாரும் அவனை நிமிர்த்தி நிக்க வச்சிடக் கூடாது. அதுதான் உயிருக்கு ஆபத்துன்னு டாக்டர் ரெண்டு தடவை சொன்னார். காதுல விழுதா?"

விழுந்தது. அதை நான் மறுக்கப்போவதில்லை. எனக்கு நினைவாற்றல் அதிகம், தொழில் அப்படி.

அடுத்த சனிக்கிழமை மருமகன் அந்தக் கண்ணாடிச் சுவருக்கு முன்னால், முழு உடுப்போடு, படிக்கட்டில் உட்கார்ந்தான். கூட்டம் ஒரு கணம் திகைத்து நின்றதாம். அவன் தனியாக உட்கார்ந்திருப்பது பார்க்கப் பொறுக்காமல் பட்டன் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்புறம் மருந்துக்கடைக்காரன். பிறகு எல்லோரும். யாரோ கைபேசியில் படமெடுத்தார்கள். ஒரு வாரத்தில் ஊர் முழுக்க அதுதான். இஸ்திரிக் கூட்டம் உட்கார்ந்துவிட்டது. முட்டியில் விழும் சுருக்கமே புது அழகாகிவிட்டது. வேண்டுமென்றே உட்கார்ந்து உட்கார்ந்து சுருக்கம் ஏற்றினார்கள். அப்புறம் என் பாட்டு எங்கே ஒலித்தாலும், பல்லவி வரும்போது ஜனங்கள் சிரித்துக்கொண்டே பொத்தென்று உட்கார ஆரம்பித்தார்கள். ஒரு கல்லூரி விழாவுக்கு என்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். ஆயிரம் பேர் என் பாட்டுக்கு ஒரே நேரத்தில் தரையில் உட்கார்ந்து கைகொட்டிச் சிரிப்பதை நான் மேடையில் நின்று பார்த்தேன். அமைப்பாளர் என் தோளைத் தட்டி, "சூப்பர் காமெடி சார்" என்றார்.

வயிற்றெரிச்சல் என்றால் என்னவென்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மற்றவர்கள் என் பாட்டை வெட்டியிருக்கிறார்கள், மாற்றியிருக்கிறார்கள், மறந்திருக்கிறார்கள். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அந்தப் பாட்டு யாரைப் பற்றியதோ அவர்களே அதைப் பொய்யாக்கினால் எங்கே போய் முறையிடுவது? ஒருவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்கிறோம். அந்த வார்த்தைக்கு ஏற்றபடி நடந்துகொள்ள வேண்டும் என்ற குறைந்தபட்சப் பொறுப்பு அவருக்கு வேண்டாமா?

மருமகனிடம் பேசினேன். அதட்டவில்லை. அவனும் என்னிடம் எப்போதும் மனம் விட்டுத்தான் பேசுவான். கூடத்தில் சட்டையை விரித்து வைத்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான்.

"சனிக்கிழமை ஒரு மணி நேரம் நின்னா போதும்டா. அங்கே நிக்கிறவரைக்கும். மத்தபடி வீட்ல படுத்தே கிட."

"முடியல மாமா. கண்ணு இருட்டிக்கிட்டு வருது."

"மத்தவங்களையாவது நிக்கச் சொல்லு."

அவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். "அவங்களுக்கும் இதுதான் பிடிச்சிருக்கு. நாங்க எப்பவும் ஒண்ணையே போட மாட்டோமே மாமா. பாட்டு நல்ல பாட்டுதான். ஆனா அது இப்ப போன வருஷத்து சட்டை."

அவன் அதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவன் மொழியில் அது சாதாரணப் பேச்சு. பழைய சட்டையை அவர்கள் நன்றாக மடித்து யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். நான் தலையாட்டிவிட்டு மாடிக்குப் போனேன். அன்று முழுவதும் மேசைமுன் இருந்தேன். ஒரு வரியும் வரவில்லை. அதற்குப் பிறகு இன்றுவரை, இதோ இந்தக் காகிதம் வரை, ஒரு வரியும் வரவில்லை.

இசைக் கம்பெனி பாட்டுக்கு ஒரு படம் எடுக்க முன்வந்தது எனக்குக் கடைசி வாய்ப்பு. நல்லபடியாக ஒரு படம் வந்துவிட்டால் ஜனங்கள் பார்ப்பது அதுவாகத்தான் இருக்கும், அந்தப் படிக்கட்டுக் கூத்தை மறந்துவிடுவார்கள். இயக்குநர் சின்ன வயது, மரியாதையானவர். அவருடைய யோசனை அழகானது. ஒரு துணிக்கடையின் கண்ணாடிக் கூண்டு. உள்ளே பொம்மைகள் போல உண்மையான இஸ்திரிக் கூட்டம். பாட்டு முடியும் வரை இமைகூட ஆடாமல் நிற்பார்கள். வெளியே பாடகர் ஆடிக்கொண்டிருப்பார். மூன்றரை நிமிடம், வெட்டே இல்லாமல் ஒரே ஓட்டம்.

மருமகன் எனக்காகத்தான் ஒப்புக்கொண்டான். மற்றவர்களையும் அவன்தான் பேசிச் சம்மதிக்க வைத்தான். "மூணரை நிமிஷம்தானே மாமா. உங்களுக்காக நின்னுடறேன்" என்றான். அக்காவுக்குத்தான் மனசில்லை. "நீ பக்கத்திலேயே இருப்பியா?" என்று என்னைக் கேட்டாள். இருப்பேன் என்றேன். இருந்தேன். சொன்ன வார்த்தையைத் தவறியதாக யாரும் என்னைச் சொல்ல முடியாது.

இனி நான் செய்தவை. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் சின்ன விஷயம்.

இயக்குநர், "உங்க மருமகனுக்கு உடம்பு சரியில்லைன்னு கேள்விப்பட்டேன். ஒரு பொம்மை உட்கார்ந்த மாதிரி வச்சுக்கலாமா?" என்று கேட்டார். பாட்டின் பொருளே போய்விடும் என்று சொன்னேன். அவர் ஏற்றுக்கொண்டார்.

அன்று காலை அக்கா கட்டிக்கொடுத்த சாப்பாட்டை அவனைச் சாப்பிட வேண்டாம் என்றேன். வயிறு ஒட்டியிருந்தால் சட்டை நேராக விழும். இதை அவனும் சரி என்றுதான் சொன்னான், அவர்கள் எல்லோரும் சனிக்கிழமைகளில் அப்படிச் செய்பவர்கள்தான்.

உப்புத் தண்ணீர் பாட்டில் என் பையில் இருந்தது. பையை நான் காரிலேயே வைத்துவிட்டேன்.

கடைப் பொம்மைகளுக்குப் பின்னால் ஒரு இரும்புத் தண்டு இருக்கும், தெரியுமா? அது போலப் பதின்மூன்று தண்டுகள் நட்டிருந்தார்கள். சட்டைக்கு உள்ளே இடுப்பில் ஒரு பெல்ட், அதைத் தண்டோடு பூட்டுவார்கள், ஆடாமல் நிற்க உதவியாக. என் மருமகனுக்கு மட்டும் மார்பில் இன்னொரு பெல்ட்டும், கழுத்துக்குப் பின்னால் காலருக்குள் ஒரு தாங்கியும் வைக்கச் சொன்னேன். உடை அலங்காரம் பார்த்த அம்மா எதற்கு என்று கேட்டார். "மயக்கம் வந்தா பையன் விழுந்துடக் கூடாதும்மா" என்றேன். அந்த அம்மாவின் கண் கலங்கிவிட்டது. "உங்களை மாதிரி ஒரு மாமா கிடைக்கணும்" என்றார். பூட்டு பின்னால் இருந்தது. அவனால் எட்டாது.

மதியம் இரண்டு மணிக்கு ஆரம்பித்தோம். கண்ணாடிக் கூண்டுக்குள் விளக்குகளின் சூடு. முதல் முறை அவன் உடல் ஊசலாடியது. இரண்டாம் முறை மருந்துக்கடைக்காரன் தும்மினான். மூன்றாம் முறையும் நான்காம் முறையும் பாடகர் ஆட்டத்தில் அடி மறந்தார். நடுவில் எல்லோருக்கும் இடுப்புப் பெல்ட்டை அவிழ்த்துக் கைகால் உதறவிட்டார்கள். மருமகனை அவிழ்த்து மறுபடி பூட்டக் கால் மணி நேரமாகும் என்பதால் அப்படியே இருக்கட்டும் என்றேன். நான் உள்ளே போய் அவன் நெற்றியைத் துடைத்தேன்.

"மாமா, கொஞ்சம் உக்காரட்டுமா?" என்றான்.

"இதோ முடிஞ்சிடுச்சு. இன்னும் ஒண்ணுதான்."

"தண்ணி?"

"சட்டையில சிந்தும்டா."

அவன் சிரித்தான். சட்டை விஷயத்தில் அவனோடு வாதாட முடியாது, அவனுக்கே அந்தக் காரணம் புரியும். நான் அவன் காலரைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்தேன். கதவைச் சாத்தினார்கள். பாட்டு போட்டார்கள், மிகச் சத்தமாக. உள்ளே இருந்து கூப்பிட்டால் வெளியே கேட்காது.

ஐந்தாவது முறை. நான் இயக்குநருக்குப் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் சரணம் முடியுமுன் அவன் முகத்திலிருந்து நிறம் வடிந்தது. உதடு வெள்ளையானது. ஊசலாட்டம் நின்றுவிட்டது. அதற்கு முன் நான்கு முறையும் அவன் தோளில் ஒரு சின்ன நடுக்கம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. தலை தாங்கியில் சாய்ந்து நேராக இருந்தது. கண் பாதி திறந்திருந்தது. கால்சட்டையின் மடிப்பு இடுப்பிலிருந்து ஷூ வரை ஒரே கோடு.

இயக்குநர் திரும்பிப் பார்த்தார். "சார், உங்க மருமகன் கண்ணே சிமிட்டலையே. நல்லாத்தானே இருக்கார்? நிறுத்தட்டுமா?"

"வேணாம். அவன் அப்படித்தான் நிப்பான். பழக்கம்" என்றேன்.

இரண்டாம் சரணம் வந்தது. 'காலு ரெண்டும் கடுத்தாலும் காட்டிக்காதே கண்ணு' என்று ஒரு வரி அதில் உண்டு. பாடகர் அந்த வரியில் கண்ணாடியில் கை வைத்து அவனைப் பார்த்துப் பாடினார். அருமையாக அமைந்தது. கடைசிப் பல்லவி வரை ஒரு குறையும் இல்லை. இயக்குநர் கைதட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அவர்கள் கைதட்டிக்கொண்டிருக்கையில், பட்டன் உள்ளே ஏதோ கத்துவது எனக்குத் திரையில் தெரிந்தது. அவள் அவன் கையைத் தொட்டிருக்கிறாள், சில்லென்று இருந்திருக்கிறது. நான் இயக்குநரிடம் சொன்னேன்: "முகத்துக்குக் கிட்ட வச்சு இன்னொண்ணு எடுத்துடலாம். இதே மாதிரி மறுபடி அமையாது." அவர் சரி என்றார். மறுபடி பாட்டு ஒலித்தது. அவள் தன் பெல்ட்டைப் பிய்த்துக்கொண்டு, முட்டி தரையில் மோத விழுந்து, எழுந்து, கதவைக் கையால் அடித்து உடைக்கும் வரை இன்னொரு நிமிடம் இருபது நொடி ஓடியது. அவளுடைய கையில் தையல் போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். வருத்தமாக இருக்கிறது.

பிறகு எல்லோரும் ஓடினார்கள். முதலில் போனவர் அவனை அவிழ்க்கத் தெரியாமல் திணறினார். பூட்டு எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும். நான்தான் அவிழ்த்தேன். படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தேன், அக்கா சொல்லிக்கொடுத்தபடியே. மருத்துவர் வரும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன். இதைப் பார்த்த பதினைந்து பேர் இருக்கிறார்கள்.

நீங்கள் நேரடியாகக் கேட்ட கேள்விக்கு நேரடியாகப் பதில் எழுதுகிறேன். ஆம், எனக்குத் தெரியும். முதல் சரணத்திலேயே தெரியும். அவன் நிற்கவில்லை, தொங்கிக்கொண்டிருக்கிறான் என்று தெரியும். அவிழ்த்துப் படுக்க வைத்தால் பிழைத்துக்கொள்வான், வைக்காவிட்டால் பிழைக்க மாட்டான் என்று அந்தக் கூடத்தில் தெரிந்திருந்த ஒரே ஆள் நான். பெல்ட்டைப் பற்றி யோசித்தபோதும், பையைக் காரில் வைத்தபோதும் இது தெரியும். அவனைக் கொல்ல நினைத்தேனா என்றால், அந்தச் சொல் எனக்குச் சரியாகப் படவில்லை. அவன் நிற்க வேண்டும் என்று நினைத்தேன். வேறு வழியில் நிற்க வைக்க எவ்வளவோ முயற்சி செய்துபார்த்தேன், நீங்களே படித்தீர்கள்.

கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எனக்கு அவன்மேல் கோபமே இல்லை. அந்த மூன்றரை நிமிடம் அவனை நான் பார்த்த மாதிரி அவன் அம்மாகூடப் பார்த்திருக்க மாட்டாள். அவ்வளவு அழகாக இருந்தான். நான் எழுதின ஒவ்வொரு சொல்லும் அவன்மேல் அப்படியே பொருந்தியது.

ஒரு வேண்டுகோள். அந்த ஐந்தாவது பதிவு உங்கள் வசம்தான் இருக்கிறது. வழக்கு முடிந்ததும் அழித்துவிடுவார்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்கு முன் அக்காவுக்கு ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். அவள் கேட்டதையெல்லாம் மற்றவர்கள் வாயால் கேட்டதால்தான் என்னைப் பார்க்க வர மறுக்கிறாள். அவன் எப்படி நிற்கிறான் என்று தன் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டால் அவளுக்கு என்மேல் இருக்கும் வருத்தம் போய்விடும்.